இழந்தபின் எழுந்த மூவர்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் புகழ்பெற்றோரைப் போற்றுவது நம் மரபு. அவர்தம் வெற்றிகளை அடுக்கிச் சொல்லி அமர்ந்துவிடுகிறோம். ஆனால், மதிப்பெண் சற்றுக் குறைந்ததற்காக முகம் வாடி நிற்கும் பிள்ளைகள் நம் காலனியிலே இல்லையா? அவர்கள் பொருட்டு, திரை, பொதுவாழ்வு, விளையாட்டு ஆகிய துறைகளில் விளங்கிய மூவர், இழப்பு நேர்ந்தபோது என்ன செய்தனர் என்பதை இன்று கூற விழைகிறோம்.

கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாள், வறுமையால் ரயில் வண்டியில் பாடிப் பொருள் ஈட்டிய சிறுமி. நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் பாடிப் புகழெய்தினார்; அவரையே மணந்தார். 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. அன்று வெள்ளாடை பூண்டார். ஆடவர் எவருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை எனவும் உறுதி கொண்டார். கலைவாழ்வு அத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். அம்மையாரோ 1935-இல் நந்தனாராக ஆண்வேடம் தாங்கித் திரைக்கு வந்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய்! 1953-இல் ஔவையாராகவே தமிழர் உள்ளத்தில் அமர்ந்தார். கொண்ட உறுதியையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை.

அந்த ஔவையின் பெயரால் ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் கண்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானவர். இத்தனை சிறப்பிருந்தும், புற்றுநோய் கண்ட தம் தங்கையைக் காக்க அவரால் இயலவில்லை. அத்துயரை அவர் கண்ணீரோடு விட்டுவிடவில்லை. அறுபது வயதைக் கடந்தபின், 1954-இல், அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணரானார். தம் தங்கைக்குக் கிட்டாத சிகிச்சையை ஊரார் பிள்ளைகளுக்குக் கிட்டச் செய்தார்.

இராமநாதன் கிருஷ்ணன் 1937-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தையிடம் டென்னிஸ் பயின்று, 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960-லும் 1961-லும் அங்கே அரையிறுதி வரை சென்று தோற்றார். பட்டம் கைகூடவில்லை, பந்தாட்டத்தை அவர் துறக்கவுமில்லை. 1966-இல் கல்கத்தாவில் பிரேசில் நாட்டுடன் டேவிஸ் கோப்பைப் போட்டி. இரு நாடுகளும் இரண்டிரண்டு ஆட்டங்கள் வென்று சமநிலையில் இருந்தன. முடிவு செய்யும் ஐந்தாம் ஆட்டத்தில், தாமஸ் கோக் என்பவரிடம் கிருஷ்ணன் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டில் 2-5 எனப் பின்தங்கி நின்றார். அந்நிலையிலிருந்து 7-5 என அந்தச் செட்டைக் கைப்பற்றினார். ஐந்தாவதையும் 6-2 என வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குச் சென்றது!

பெற்றோர்களே! இன்று இம்மேடையில் பரிசு பெறும் பிள்ளைகளை நாம் அனைவரும் கைதட்டி வாழ்த்துவோம். வீடு திரும்பியதும், பரிசு பெறாத பிள்ளையையும் அருகழைத்து அமர்த்தி, இம்மூவர் கதையைச் சொல்வோம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் அவனிடம் சொல்லாதிருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!