பூட்டு இருக்கு, கதவு திறந்திருக்கு

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கமிருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கீங்க. கடன் பற்றிப் பேசுவோம்னு நினைச்சிருப்பீங்க. இன்று பேசப்போவது நம்ம ஆதார் ஜெராக்ஸைப் பற்றி.

பேங்க், கேஸ் ஏஜென்சி, எங்கே போனாலும் ஒரு ஜெராக்ஸ் கொடுக்கிறோம். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுது. திருடன் பூட்டை உடைச்சுத்தான் உள்ளே வரணும்னு இல்லை. 2019 பிப்ரவரியில் இண்டேன் கேஸ் விஷயம் வெளியே வந்தது. ஏஜென்சிக்காரர்கள் மட்டும் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க வேண்டிய பக்கத்தை, பாஸ்வேர்டே இல்லாமல் கூகுள் வழியாகத் திறக்க முடிந்ததாம். பாப்திஸ்த் ரொபேர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் (நம்ம ஊருக்குப் பழகின பேருதான்!) ஏஜென்சி எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தார். சுமார் 58 லட்சம் பேரின் பெயர், முகவரி, ஆதார் எண் கிடைத்ததாகச் சொன்னார். இந்தியன் ஆயில் நிறுவனம் ஆதார் எதுவும் கசியவில்லை என்று மறுத்தது.

கேட்கிறது யார்னு பார்க்காமலே எடுத்துக் கொடுக்கிற புரோகிராம், கடையைத் திறந்துபோட்டுச் சாப்பிடப் போன மாதிரிதான்.

நம்ம புதுச்சேரியிலும் 2021 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தல் நேரத்தில், ஒரு வழக்கு வந்தது. ஆதாரோடு இணைத்த நம்பர்களுக்கு மட்டும் பா.ஜ.க. வாட்ஸ்அப் குழு அழைப்பு வந்ததாக இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் தலைவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். வீடு வீடாகப் போய் வாங்கின நம்பர் என்றது கட்சி. தன்னிடமிருந்து கசியவில்லை என்றது ஆதார் ஆணையம். யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். நம்ம நம்பர் யார் கையில் இருக்குன்னு நமக்கே தெரியலையே, அதுதான் கவலை.

பேர், தெரு, கேஸ் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்லி ஒருவன் போன் பண்ணினால் பேங்க்காரர்தான்னு நம்பி ஓ.டி.பி. சொல்லிடறோம். குழுக் கணக்கும் போகும், சேமிப்பும் போகும். பணம் போனால் அழுதுகொண்டு உட்காராதீங்க, உடனே 1930-க்குப் பேசுங்க.

கசிந்ததைத் திரும்ப அள்ள முடியாது. ஆனால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற ஆதார் இருக்கு. ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அதையே கொடுங்க. ஜெராக்ஸில் தேதியும், எதற்காக என்பதும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

நம்ம குழுக்களிலும் ஒரு வேலை இருக்கு. உறுப்பினர்களின் ஜெராக்ஸ் கட்டு யார் வீட்டில், எந்தப் பையில் இருக்கு? விலகிப் போனவங்களுடையதைத் திருப்பிக் கொடுத்தாச்சா? இந்த மாதமே தீர்மான நோட்டில் எழுதுங்க.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கைரேகையை ஆதாரில் பூட்டுவது எப்படின்னு காட்டுறோம். கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறவங்க அந்த நேரத்துக்குத் திறந்துக்கணும், அதையும் காட்டுவோம். ஆதாரில் இணைத்த சிம் இருக்கிற போனைக் கையில் வச்சுக்கோங்க.