பம்பு அடுப்பும் ஜெட் யந்திரமும்
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் பேரேடு எழுதி வரும் நாம் காஸ் டர்பைனைப் பற்றிப் பேச எழுந்தது துணிச்சலே. ஆயினும் பம்பு அடுப்போடு போராடிய நம் அன்னையருக்கு இவ்விஷயத்தின் பாதி முன்பே தெரியும். அடுப்பு புகைந்தால் ஊசியால் துவாரத்தைக் குத்துவர். காற்று அடித்தால் தகரத்தை மறைப்பாக நிறுத்துவர். ஜெட் யந்திரத்தின் கதையும் இவ்விரண்டில் அடங்கும்.

பம்பு அடுப்பில் மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியாகி எரிகிறது. இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் என்னும் விமானப்படை அதிகாரியும் தம் யந்திரத்தில் இம்முறையையே பலவாறு முயன்றார். 1937 ஏப்ரல் 12 அன்று ரக்பி நகரில் யந்திரம் முதன்முதல் ஓடிற்று. ஓடியது மட்டுமா? எண்ணெயை அடைத்த பின்னும் வேகம் ஏறிக்கொண்டே போயிற்று! சூழ நின்றோர் ஓட்டம் பிடித்தனர். உள்ளே கசிந்து தேங்கிய எண்ணெய் எரிந்ததே காரணம் எனப் பின்னர் அறிந்தனர்.

அடுத்த மூன்றாண்டுகள் பெருந்துன்பம். ஆவிக் குழாய்களில் கரி படிந்தது. குழாய்கள் வளைந்தன, வெடித்தன. கையில் பணமின்றி, ஒரே யந்திரத்தையே பிரித்துப் பிரித்து மாற்றிக் கட்டினர். இதற்குள் யுத்தமும் மூண்டுவிட்டது.

ஓடும் யந்திரத்திற்குள் நெருப்பைக் காண இயலாது. பிழை பர்னரிலா, வேறெங்கா என்றும் சொல்ல இயலாது. ஆகவே எரியும் அறையை மட்டும் தனியே மேடையில் பொருத்தி, காற்றை ஊதி எரித்துப் பார்க்கவேண்டும். இதுவே பரிசோதனைச் சாலையின் வேலை.

அங்கே காண்பது என்ன? மண்ணெண்ணெய் ஒரு பங்கு எரிய, எடையில் சுமார் பதினைந்து பங்கு காற்றுப் போதும். டர்பைனிலோ அறுபது பங்கு அளவில் பாய்கிறது. அத்தனையும் ஜ்வாலைமேல் வீசினால் அது அணைந்துபோம். எனவே சிறு பகுதியை மட்டும் சுழலச் செய்து ஜ்வாலைக்கு அளிக்கின்றனர். மிகுதி பின்னால் கலந்து வெப்பத்தைத் தணிக்கிறது. தகர மறைப்பின் தத்துவமே இது!

பிழையைக் கண்டுபிடிக்கும் வழி இன்னும் சுவையானது. பர்னரின் கீழே சிறு கிண்ணங்களை வரிசையாக வைத்து எண்ணெயைத் தெளித்தால், எக்கிண்ணம் நிறைகிறது, எது வறள்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரு பக்கம் மிகுதியாகத் தெளித்தால் அப்பக்கம் வெப்பம் மிகுந்து அறைத் தகடு பொசுங்கும். டர்பைன் இதழும் கெடும். அறையின் வாயிலில் வெப்பமானிகளை நிறுத்தியும் இதை அறிவர். சராசரி வெப்பம் சரியாயிருப்பதே போதாது. கணக்கு எழுதும் நமக்கு இது நன்கு விளங்குகிறது: கூட்டுத்தொகை பொருந்தியும் உள்ளே இரு தப்புகள் ஒன்றையொன்று மறைத்திருப்பதைப் பன்முறை கண்டிருக்கிறோம்.

1940இல் ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஐசக் லப்பக் தந்த பர்னர், ஆவியாக்குவதை விட்டு, எண்ணெயை அழுத்தத்தால் நுண்துளிகளாகத் தெளித்தது. பெருந்தடை நீங்கிற்று. 1941 மே 15 மாலை கிரான்வெல் விமானத்தளத்தில் விட்டிலின் யந்திரம் பூட்டிய விமானம் எழும்பிப் பதினேழு நிமிஷம் பறந்தது.

தாத்ரி, கவாஸ் முதலிய இடங்களில் மின்சாரத்திற்காக நிறுவிய பெரிய டர்பைன்களிலும், புகைவாயிலைச் சுற்றி வெப்பமானிகள் வளையமாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று தன் அண்டையாரோடு ஒத்துப்போகாவிடில், எந்தப் பர்னர் குற்றவாளி என்று தேடத் தொடங்குவர். அதனைக் கழற்றி மறுபடியும் சோதனை மேடைக்கே கொண்டுசெல்வர்.