சாயத் தெரிந்த கம்பம்



பெருங்காற்றில் பெருமரம் முறிய, நாணல் வளைந்து பிழைப்பதை நாம் அறிவோம். வானொலி ஏரியலைத் தாங்கும் கம்பத்துக்கும் அந்தக் குணத்தைச் சிறிய செலவில் ஊட்டலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

அரசின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, ஊதியம் கருதாது சொந்தக் கருவியால் உலகோடு உரையாடுவோரை அமெச்சூர் வானொலியார் என்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அங்கே முன்னரே சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பி, உற்றாரின் நிலை அறியாது தவித்தோர்க்கு உதவிற்று. பேரிடரில்தான் இக்கலையின் பயன் பெரிது. ஆனால் பேரிடரில் ஏரியலே விழுந்துவிட்டால் என் செய்வது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கடலுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள எங்கள் கரையான்சாவடி, பூந்தமல்லிப் பகுதியையும் அக்காற்று விட்டுவைக்கவில்லை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் தாக்குவிசை நான்கு மடங்காகும். ஆகவே புயலை எதிர்க்கும் கம்பம் எழுப்பப் பெரும்பொருள் வேண்டும்; புயலுக்கு முன் படுத்துக்கொள்ளும் கம்பத்துக்கோ நம் முன்னோரின் ஏற்றமே வழிகாட்டும்.

ஏற்றத்தில் துலாவின் ஒரு முனையில் சால் தொங்கும். மறுமுனையில் கல்லைக் கட்டிப் பளுவைச் சமன் செய்வர். அதே முறைதான் இதுவும்.

6 மீட்டர் நீளமுள்ள ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் ஒன்று வேண்டும். அதன் எடை ஏறக்குறைய 21 கிலோ. ஏரியல் 2 கிலோ எனக் கொள்வோம். தோட்டத்தில் ஆழக் குழி தோண்டி, இரண்டு ஆங்கிள் இரும்புகளை எதிரெதிரே கான்கிரீட்டில் நடுக. தரைக்கு மேல் 1.6 மீட்டர் உயரத்தில் அவற்றிடையே ஒரு போல்ட்டு அச்சாகும். குழாயின் அடியிலிருந்து 1.5 மீட்டரில் அவ்வச்சு அமைய வேண்டும். அவ்விடத்திலேயே காற்றால் வளையும் விசை மிகுதியாதலால் குழாயைத் துளைக்கலாகாது. தடித்த உறைக்குழாய் ஒன்றை இறுக மாட்டி, அதில் அச்சைப் பொருத்துக. அடிமுனையில் இடும் இரண்டாம் போல்ட்டு, கம்பத்தை நிமிர்த்திப் பூட்டும்.

இனிக் கணக்கு. கம்பம் படுத்திருக்கையில், அச்சுக்கு அப்பாலுள்ள 4.5 மீட்டர் குழாயின் திருப்புத்திறன் ஏறத்தாழ 35½, ஏரியலுடையது 9, மொத்தம் 44½ கிலோ-மீட்டர். இப்பாலுள்ள சிறுபகுதி அதில் 4ஐக் குறைக்க, எஞ்சுவது 40½. இதை 1½ஆல் வகுத்தால் 27. ஆக, அடிமுனையில் 27 கிலோ கட்டினால் முழுச்சமன். 25 கிலோ பழைய இரும்பைக் கட்டினால் மேல்முனை சற்றே கனத்திருக்கும். ஒருவரே கயிற்றைப் பிடித்துக் கம்பத்தை மெல்ல இறக்கலாம். அடியிலேயே கீல் வைத்த கம்பமாயின் திருப்புத்திறன் 75 ஆகும். அதைத் தனியொருவர் தாங்குவது அரிது. எடையை, கம்பம் சாயும் திசைக்கு எதிர்ப்புறத்தில் கட்டுக. அப்போது அது தூண்களில் முட்டாது.

படுத்த கம்பம் கைக்கெட்டும் உயரத்தில் நிற்பதால், ஏணியில் ஏறாமலே ஏரியலைச் சீர்செய்யலாம். புயல் நாளில் அதன் முனையைத் தரையில் அறைந்த முளையோடு கட்டிவைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையை மறவாதீர். கம்பம் எப்பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொட இயலாத இடத்தையே தேர்ந்தெடுங்கள். இறக்கும்போது அதன் கீழே எவரும் நிற்கலாகாது. பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

பாடநூலில் நெம்புகோல் என்று படிப்பது இதுவே. காற்று ஓய்ந்ததும் கயிற்றை இழுத்துக் கம்பத்தை நிமிர்த்துங்கள். ஊரின் மற்றைக் கம்பிகள் அறுந்து கிடக்கும் அந்நேரத்தில், உங்கள் குரலுக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கக்கூடும்.