நாகலாபுரத்து வேதநாராயணர்

இக்காலனிக்குப் பிழைக்க வந்த நாம், ஆந்திர எல்லைக்குள் இருப்பதால் நாகலாபுரத்தை அயலூர் என எண்ணலாகாது. நம் ஆண்டாளின் வரலாற்றை 'ஆமுக்த மால்யதா' எனத் தெலுங்கில் பாடிய கிருஷ்ணதேவராயர் (1509–1529), தம் அன்னை நாகலாதேவியின் பெயரை இட்ட ஊர் அது. ஆங்குள்ள வேதநாராயணர் இடைக்குக் கீழே மீன் வடிவினர். மேற்கு நோக்கி நிற்பவர். ஆண்டுதோறும் பங்குனியில் மூன்று நாட்கள், மாலைக் கதிரவனின் ஒளி கோபுர வாயில் கடந்து கருவறைக்குள் புகுகிறது. முதல் நாள் திருவடியில், மறுநாள் உந்தியில், மூன்றாம் நாள் திருமுடியில்! இருப்புப்பாதைக்கு நேர்க்கோடு குறிப்போர் படும் பாட்டை நாம் அறிவோம். அச்சிற்பிகள் வாயில்களையெல்லாம் கதிரவனுக்கு நேராகக் கல்லிலே நிறுத்தினர். குறுக்கே ஒரு பந்தல் எழுந்தாலும் அவ்வொளி தடைப்படும். வரும் பங்குனியில், தமிழெழுத்து மறந்துவரும் நம் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு, ஒரு மாலை அவ்வாயிலில் நிற்போம்.