விஞ்ஞானமும் கொள்கையும்

கொள்ளேகாலுக்குச் சில மைல் தொலைவில், சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாய் வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியின் விசையால் 1902ஆம் ஆண்டில் பிறந்த மின்சாரம், 90 மைலுக்கு மேல் கம்பிவழியே சென்று கோலார்த் தங்கச் சுரங்கங்களை இயக்கிற்று. வழியிலிருந்த சிற்றூர்களிலோ நெடுங்காலம் எண்ணெய் விளக்குகளே எரிந்தன. ஆற்றலை ஆக்கித் தருவது விஞ்ஞானம்; அது முதலில் எவருக்குச் செல்லவேண்டும் என்று தீர்மானிப்பது கொள்கை. இவ்விரண்டையும் இணைத்து ஆராயும் கல்வித்துறை ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று சிந்திக்கின்றோம்.

இந்திய அரசாங்கம் 1958 மார்ச்சு 4ஆம் நாள் விஞ்ஞானக் கொள்கைத் தீர்மானத்தை ஏற்றது. விஞ்ஞானத்தின் பயன்களை மக்களுக்குக் கிடைக்கச் செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. மொழிபெயர்ப்பாளராகிய நாம், “பயன் மக்களைச் சென்றடையும்” என்ற வாக்கியத்தைப் பன்முறை எழுதியிருக்கின்றோம். எழுதுவது எளிது, சென்றடைந்ததா என்று அளந்தறிவதே அரிது.

அவ்வாறு அளக்க முற்பட்டவர் பேராசிரியர் அமுல்யா ரெட்டி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் இரசாயன அறிஞராய் விளங்கிய அவர், அத்துறையில் உலகறிந்த பாடநூல் ஒன்றின் இணையாசிரியர். புகழ் தந்த அத்துறையோடு நின்றுவிடாமல், கிராமங்களுக்கு விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் ‘அஸ்த்ரா’ என்னும் அமைப்பினை 1974இல் அக்கழகத்திலேயே தொடங்கினார்.

தும்கூர் மாவட்டத்துப் புரா என்னும் சிற்றூரில், சாண எரிவாயுவைச் சமையலுக்கு வழங்க அக்குழுவினர் முயன்றனர். எல்லா அடுப்புகளுக்கும் போதிய சாணம் கிடைக்கவில்லை. அவர்கள் ஊரைக் கைவிடவில்லை. ஊராரின் தேவையைக் கேட்டறிந்தனர். மக்கள் வேண்டியது குடிநீர். 1987 முதல், டீசலோடு அவ்வாயுவையும் செலுத்தி எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுத்தனர். நீர் ஊருக்கு வந்தது. வீடுகளில் விளக்கும் எரிந்தது. தோல்வியே அவர்களுக்கு ஆசானாயிற்று.

மக்களின் உண்மைத் தேவையிலிருந்து கணக்கிட்டால், கர்நாடகத்துக்கு அரசாங்கத் திட்டம் மதிப்பிட்ட மின்சாரத்தில் பாதிக்கும் குறைவே போதும் என்று 1991இல் அவர் வாதிட்டார். 2006இல் மறைந்தார், அவர் எழுப்பிய வினா மறையவில்லை.

பட்டுக்கூடுகளைக் கொதிநீரிலிட்டு நூலெடுக்கும் வீட்டில் பிறந்த மாணவர், பட்டம் பெற்றபின் ஆய்வுக்கூடமா, அரசாங்க அலுவலா என்று தயங்கக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே இப்படியும் ஒரு வழியுண்டு. முதலில் ஒரு விஞ்ஞானத் துறையைப் பழுதறக் கற்கவேண்டும். பிறகு அதன் பயன் எவரைச் சேர்கின்றது என்று கேட்கத் துணியவேண்டும். அடுப்புப் புகையில் நிற்கும் தாயின் கண்ணெரிச்சல், அம்மாணவரின் கணக்கேட்டில் முதல் வரியாய் இடம்பெறுமாக.