பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கெமரா



பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்கள் சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் அங்கேதான் அடங்கியிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றில் பெரிய பெயர். 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்தில் காலமானார். அவருடைய கெமரா ஒரு மரப்பெட்டி. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியும் முடிக்க வேண்டும். எதிரில் உட்காருகிறவர், சில வேளை நிமிடக் கணக்கில், ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். இந்த நாட்டில் அவர் எடுத்த படம் ஒன்றின் தலைப்பு, 'களுத்துறைக் குடியானவர்கள்'. படத்தில் இருக்கிறவர்களின் பெயர் தலைப்பில் இல்லை.

போன மாதம் என் கைக்கு ஒரு புது வீடியோ கெமரா வந்தது. பெட்டியைப் பிரித்தபோது எனக்கு அந்தக் கல்லறைதான் ஞாபகத்துக்கு வந்தது.

நான் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பதுதான் பிழைப்பு. கெமராவின் கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை. வானொலியில் அது விளம்பரமாகிவிடும். சின்னதாக, ஆனால் தொழிலுக்கென்றே செய்கிறார்களே, அந்த ரகம். பெட்டரி, மைக், மேல்கைப்பிடி எல்லாம் பூட்டினாலும் இரண்டு கிலோவுக்குக் குறைவு. நான் தொழில் பழகிய காலத்தில் தோளில் வைத்த விஎச்எஸ் கெமராவை ஒரு பகல் சுமந்தால் இரவில் கழுத்தைத் திருப்ப முடியாது.

கனம் குறைந்தது பெரிய சந்தோசம்தான். ஆனாலும் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. நம்முடைய லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்தான் கட்டில், அலுமாரி, சாமிப்படம், மூலையில் படிக்கிற பிள்ளை. தோள் கெமராவோடு போனால் இஸ்தோப்பில் நின்றுகொண்டு வாசல் வழியாகத்தான் எடுக்கலாம். லைட் பிடிக்கிற பையன் எனக்கும் பின்னால் நிற்பான். அதனால் என் பழைய வீடியோக்களில் வீட்டுக்குள் இருக்கிற எல்லாரும் வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார்கள். நடக்க முடியாத கிழவர்களைத் தூக்கி வந்து வெளிச்சத்தில் உட்கார வைத்தும் எடுத்திருக்கிறோம். அவர்கள் கூசிப்போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பார்கள்.

இந்தக் கெமராவோடு நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்தேன். அகலக் கோணத்தில் அடுப்பும் கட்டிலும் ஜன்னலும் ஒன்றாக அடங்கின. வெளிச்சம் ஒரே ஒரு பல்ப். உள்ளே ஒளியை வாங்குகிற சில்லு, 'ஒரு அங்குலம்' என்று சொல்லப்படும் ரகம். பழைய சின்னக் கெமராக்களில் இருந்தது மூன்றில் ஒரு அங்குல ரகம். பரப்பளவில் பார்த்தால் இது ஆறு மடங்குக்கும் மேலே. அதனால்தான் அடுப்பு நெருப்பின் சிவப்பு எதிரில் இருந்தவரின் ஒரு பக்கக் கன்னத்தில் விழுவதும், மற்றப் பக்கம் புகையில் மங்குவதும், கண்ணுக்குத் தெரிந்த மாதிரியே பதிவாகியது.

இந்த ரகக் கெமரா ஒரே நாளில் வந்ததல்ல. 1995இல் சோனியின் விஎக்ஸ் 1000, 2000இல் பிடி 150, 2002இல் பானசோனிக் டிவிஎக்ஸ் 100. கையடக்கமான கெமராவிலும் தொழில் செய்யலாம் என்று காட்டியவை இவை. டேவிட் லின்ச் என்ற அமெரிக்க இயக்குநர் 2006இல் வந்த தன் முழுநீளப் படத்தையே பிடி 150இல் எடுத்தார். ஆனால் அதெல்லாம் நாடாக் காலம். 60 நிமிட நாடாவைத் தொழில்முறைத் தரத்தில் ஓடவிட்டால் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். காமன் கூத்தோ விடிய விடிய நடக்கும். காமன் எரிந்ததும் அவன் மனைவி ரதி அழத் தொடங்குகிற நேரம் பார்த்து நாடா மாற்றிய அனுபவம் எனக்கு உண்டு. இப்போது இரண்டு மெமரி கார்ட். ஒன்று நிறைந்தால் அடுத்ததில் தானாகத் தொடரும். நொடிக்கு 50 மெகாபிட் வைத்தாலும் ஒரு 64 ஜிபி கார்ட் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கும்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கெமராவில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்த அமைப்பை 50க்கு மாற்றினேன். நம்முடைய கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மாற்றாவிட்டால் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்குகிற தம்பிமார் இதை மறக்க வேண்டாம்.

அடுத்தது நம் மலைநாட்டுக் குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். விடிந்ததும் மலையில் நின்று எடுத்தேன். பனிமூட்டத்தைக் கண்டால் தானியங்கி அமைப்பு வெளிச்சம் கூடிவிட்டதென்று நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது; வெள்ளைப் பனி சாம்பலாகிவிடுகிறது. கையால்தான் ஏற்றிவிட வேண்டும். போக்கஸும் அப்படித்தான். பிடிமானத்துக்கு ஒரு கோடு கிடைக்காமல் முன்னும் பின்னும் அலைகிறது. கொழுந்து நிரையில் நிற்கிற ஒருவரின் தலைத்துண்டு விளிம்பைப் பார்த்துக் கையால் திருப்பி நிறுத்தினேன். விரல் விறைத்திருக்கும்போது பட்டன்கள் இவ்வளவு சின்னதாக இருப்பது கஷ்டம்தான். பெட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்குகிறது. மாற்றுப் பெட்டரியைச் சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்தேன்.

அங்கேயிருந்து நேரே தேயிலை ஸ்டோருக்குள் போனேன். கொழுந்து வாட்டுகிற மாடியைத் தாண்டிக் காயவைக்கிற பக்கம் போனதும் லென்சில் படலமாக நீர் பூத்துவிட்டது. குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக்காற்று பட்டால் அப்படித்தான். துடைக்கத் துடைக்கப் பூக்கும். நாடாக் கெமராவாக இருந்திருந்தால் உள்ளேயும் ஈரம் கோத்து ஒரு மணித்தியாலம் அசைந்திருக்காது. வழி ஒன்றுதான்: வெளியில் நிற்கும்போதே பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, உள்ளே கொண்டுபோய்ச் சூடு ஏறும்வரை பையை அவிழ்க்காமல் வைப்பது. அந்த நேரத்தில் அங்கே வேலை செய்கிறவர்களோடு பேசலாம். நான் பேசினேன்.

வானொலி கேட்கிற உங்களிடம் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கெமராவில் எக்ஸ்எல்ஆர் என்கிற பெரிய மைக் சொக்கட் இரண்டு உண்டு. இரண்டின் அளவையும் தனித்தனியாகக் கையால் வைக்கலாம். எனக்கு இந்த வசதி ஒன்றே போதும். சத்தத்தைத் தானியங்கியில் விட்டால், கூத்தில் தப்புப் பறை ஒரு அடி விழுந்ததும் கெமரா பயந்துபோய் எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிடும். ரதி வேடக்காரரின் ஒப்பாரி அதற்குள் அமிழ்ந்துபோகும். தப்பு ஓய்ந்தால் இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும். இப்போது ஒரு மைக்கைத் தப்புக்குத் தாழ்த்தியும், மற்றதைப் பாட்டுக்கு உயர்த்தியும் வைக்கலாம்.

குரல் என்றதும் ஒரு பழைய படம் ஞாபகத்துக்கு வருகிறது. 1934இல் பசில் ரைட் என்ற ஆங்கிலேய இயக்குநர் இங்கே வந்து 'சோங் ஒஃப் சிலோன்' எடுத்தார். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுத்த படம். அழகான படம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதில் கேட்கிற விவரணை 1681இல் வெளிவந்த றொபட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரின் புத்தகத்திலிருந்து எடுத்தது; வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட். நம் மலைகளைப் பற்றி வந்த படங்களை நினைத்துப் பாருங்கள். கொழுந்து கிள்ளுகிற கை எத்தனை வந்திருக்கிறது, அந்தக் கைக்காரியின் குரல் எத்தனை வந்திருக்கிறது? படம் தெளிவாக இருந்து குரல் இல்லாவிட்டால் அது எனக்குப் பாதிப் படம்தான்.

கெமரா வந்த முதல் நாள் நான் போனது எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவுக்கு. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலிலிருந்து பேரெடுத்து ஓய்ந்த ஒரு அப்பாயி. சேலைத் தலைப்பில் சின்ன மைக்கைக் குத்திவிட்டு, "சத்தம் சரி பார்க்கணும் அப்பாயி, உங்க பேரச் சொல்லுங்க" என்றேன்.

அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எந்தப் பேரு தம்பி? செக்ரோல் பேரா, ஊட்டுப் பேரா?" என்று கேட்டார்.

"ரெண்டையும் சொல்லுங்க."

சொன்னார். அப்புறம் கேட்காமலே தன் அம்மாவின் பெயரையும், அம்மாவுடைய அம்மாவின் பெயரையும் சொன்னார். திரையில் பச்சைக் கோடு எழும்பி எழும்பி அடங்கியது. அந்தக் கார்டில் முதல் பதிவு அதுதான். நாற்பத்தொரு நொடி.