அயல் தாவரப் பரவலும் நிலப்படமும்

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



அயல் தாவரமொன்று ஒரு வட்டாரத்தில் எவ்வளவு பரப்பில் படர்ந்துள்ளது என்று கேட்டால், கோப்பைப் புரட்டி ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அந்த எண் எதனை விட்டுவிட்டது என்று கேட்பவர் குறைவு. குஜராத் மாநிலத்துக் கட்ச் மாவட்டத்திலுள்ள 'பன்னி' புல்வெளியைக் கொண்டு இதனை விளக்கலாம்.

சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்புல்வெளியே மால்தாரிகள் எனப்படும் கால்நடை வளர்ப்போருக்கு வாழ்வாதாரம். ரண் உவர்நிலம் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு 1961ஆம் ஆண்டையொட்டி வனத்துறை இங்குச் சீமைக்கருவேலத்தைப் பயிரிட்டது. கால்நடைகள் அதன் காய்களைத் தின்று சாணத்தின் வழியே விதைகளைப் பரப்பின. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த கணிப்பின்படி, 1980இல் 378 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் பரப்பு 1992இல் 684 ஆயிற்று. உள்ளூர் மக்கள் இதற்கு இட்ட பெயர் 'காண்டோ பாவள்'. பைத்தியக்காரக் கருவேலம் என்று பொருள். நமது அறிக்கைகளில் இவ்வளவு பொருத்தமான சொல்லாட்சியை நான் கண்டதில்லை.

புல் காய்ந்துவிடும் பருவத்திலும் இம்மரம் பசுமையாக நிற்கும். ஆகவே, கோடைக்காலப் படத்தில் இதனைப் பிரித்தறிவது எளிது. ஆனால் அவ்வாறு தெரிவது அடர்ந்த புதரே. புல்லிடையே ஆங்காங்கு முளைத்த இளங்கன்றுகள் படத்தில் புலப்படா. செலவுக் கணக்கோ இதற்கு நேர்மாறானது. இளங்கன்றைப் பிடுங்க ஓர் ஆளும் மண்வெட்டியும் போதும். முதிர்ந்த புதரை வெட்டினாலும் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். வேரோடு அகழ இயந்திரம் வேண்டும். சிறு தொகையில் காக்கக்கூடிய விளிம்புப் பகுதி படத்தில் வெறுமையாகவே இருக்க, நிதி முழுவதும் பச்சையாகத் தெரியும் இடத்திற்கே சென்றுவிடுகிறது.

எனவே வான்வழிக் கணிப்போடு தரைவழிக் கணக்கெடுப்பும் இணைதல் வேண்டும். மந்தைகள் செல்லும் தடங்களையும் நீர்நிலைகளின் ஓரங்களையும் முதலில் நடந்து பார்க்க வேண்டும். அவற்றை மால்தாரிகளைவிட நன்கறிந்தவர் யாருமில்லை. தேடிப் பார்த்து 'இல்லை' எனக் கண்ட இடத்தையும் தேதியுடன் பதிய வேண்டும். இன்றேல், படத்திலுள்ள வெற்றிடம் தாவரம் இல்லாமையைக் குறிக்கிறதா, அலுவலர் செல்லாமையைக் குறிக்கிறதா என்பது பின்னர் வருபவருக்குத் தெரியாது.

மற்றொன்று. இம்மரத்தைக் கரியாகச் சுட்டு விற்று வருவாய் ஈட்டும் குடும்பங்களும் அங்குண்டு. எந்தப் புதரை நம்பி யார் வாழ்கின்றனர் என்பதும் அதே படத்தில் குறிக்கப்பட்ட பின்னரே, அகற்றும் பணிக்கு மதிப்பீடு தயாரிக்க வேண்டும்.